எரிபொருளின்றி விண்ணில் பயணிக்க வழி தேடிய பொறியியலாளர் பிரெட்ரிக் சாண்டர்

விண்வெளிப் பயணம் என்றதும் நமது மனக்கண் முன் தோன்றுவது தீப்பிழம்பைக் கக்கியவாறு மேலெழும் ரொக்கட்டே ஆகும். அந்தத் தீப்பிழம்பின் பின்னால் உள்ள கணக்கை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1969 ஆம் ஆண்டு மனிதனைச் சந்திரனுக்குக் கொண்டு சென்ற சற்றேர்ன்-5 ரொக்கட் புறப்படும்போது ஏறத்தாழ 2,900 தொன் நிறையைக் கொண்டிருந்தது. சந்திரனை நோக்கிச் செலுத்தப்பட்ட கலங்களின் நிறையோ ஏறத்தாழ 45 தொன் மாத்திரமே. எஞ்சியவற்றுள் மிகப் பெரும் பகுதி எரிபொருளும், அதனை எரிப்பதற்கான ஒட்சிசனுமே ஆகும்.

இதற்கான காரணத்தை 1903 ஆம் ஆண்டிலேயே ரஷ்யப் பாடசாலை ஆசிரியரான கொன்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கி கணித சமன்பாடாக எழுதி வெளியிட்டிருந்தார். ரொக்கட் முன்னேற வேண்டுமானால் தன்னிடமுள்ள எதையேனும் பின்னோக்கி வீச வேண்டும். வீசப்படவேண்டிய அந்தப் பொருளையும் அதுவே சுமந்து செல்ல வேண்டும். வெளியேறும் வாயுவின் வேகத்துக்குச் சமமான வேகத்தை ரொக்கட் அடைவதற்கு, அதன் தொடக்க நிறை இறுதி நிறையைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்காக இருத்தல் வேண்டும். அந்த வேகத்தின் இரு மடங்கை அடைய 7.4 மடங்கும், மூன்று மடங்கை அடைய 20 மடங்கும் தேவைப்படும். வேகம் கூட்டலில் வளர, சுமை பெருக்கலில் வளர்கின்றது. எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருளைச் செலவிடவேண்டிய நிலை இது.

இந்தச் சுமையிலிருந்து விண்கலத்தை விடுவிப்பது எவ்வாறு என்ற ஒரே கேள்விக்குத் தமது வாழ்நாள் முழுவதையும் அர்ப்பணித்தவர்களுள் முதன்மையானவர் பிரெட்ரிக் சாண்டர். சந்திரனின் மறுபக்கத்திலுள்ள பள்ளமொன்று இன்று அவரது பெயரைத் தாங்கியிருக்கின்றது. விண்வெளி வரலாற்று நூல்கள் அனைத்தும் அவரைக் குறிப்பிடுகின்றன. ஆயினும், 45 வயதில் மறைந்த அந்த மனிதரின் வாழ்க்கையும், அவரது கணக்குகளுக்கு அவரது மரணத்தின் பின்னர் நேர்ந்த கதியும் நமது வாசகர்கள் பலர் அறியாதவை. அவற்றைச் சுருக்கமாகவேனும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1887 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23 ஆம் திகதி, அன்றைய ரஷ்யப் பேரரசின் பகுதியாகவும் இன்று லத்வியாவின் தலைநகராகவும் விளங்கும் றீகா நகரில் சாண்டர் பிறந்தார். அவரது குடும்பம் பால்டிக் கரையோரத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்த ஜேர்மன் மொழி பேசும் சமூகத்தைச் சேர்ந்தது. தந்தையார் ஒரு மருத்துவர். சாண்டர் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோதே தாயார் காலமானார். இயற்கை விஞ்ஞானத்தில் ஈடுபாடு கொண்டிருந்த தந்தையார், நட்சத்திரங்களைப் பற்றியும் வேற்றுக் கோள்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார். ஏனைய பிள்ளைகளுக்குக் கதையாக முடிந்துபோன அந்த விடயம், சாண்டருக்கு மாத்திரம் கேள்வியாக நிலைத்துவிட்டது.

1898 ஆம் ஆண்டு றீகாவிலுள்ள பாடசாலையொன்றில் சேர்ந்த அவர் அங்கு முதன்மையான மாணவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். சியோல்கோவ்ஸ்கியின் ஆய்வுகள் அவருக்கு அறிமுகமானதும் இளமைக் காலத்திலேயே ஆகும். பின்னர் றீகா பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்றார். இடையில் சிறிது காலம் ஜேர்மனியின் டான்சிக் நகரிலும் பயின்றார். 1908 ஆம் ஆண்டு மாணவராக இருந்தபோதே, புவியின் ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான ஆற்றல் எவ்வளவு, வாயு குழாய்வழியே எவ்வாறு பாயும் என்பன போன்ற கணக்குகளைத் தமது குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். அதே ஆண்டில் றீகாவில் மாணவர் வான்பறத்தல் சங்கமொன்றை நிறுவியவர்களுள் அவரும் ஒருவராவார். ரைட் சகோதரர்களின் முதலாவது விமானம் பறந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது என்பதை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும்.

எரிபொருள் என்னும் சுமையைக் குறைப்பதற்கு அவர் முதலில் கண்ட வழி விசித்திரமானது. விண்ணில் ஏறத் தொடங்கும் கலத்துக்குப் பெரிய இறக்கைகளும், கனத்த தாங்கிகளும் தேவை. வளிமண்டலத்தைக் கடந்ததும் அவை வெறும் பாரமாகிவிடுகின்றன. அவ்வாறாயின் அவற்றைத் தூக்கியெறிவதற்குப் பதிலாக உருக்கி எரிபொருளாக்கினால் என்னவென்று அவர் சிந்தித்தார். அலுமினியம் போன்ற உலோகங்கள் எரியும்போது பெருமளவு வெப்பத்தை வெளியிடுகின்றன என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே விமானம் போல் எழும்பி, உயரே சென்றதும் தனது சொந்த இறக்கைகளையே எரித்து மேலும் உயரச் செல்லும் கலமொன்றை அவர் வரைந்தார். அந்தக் கலம் இன்றுவரை கட்டப்படவில்லை. ஆனால் உலோகத்தை எரிபொருளாகப் பயன்படுத்தும் எண்ணம் வீண்போகவில்லை. திண்ம எரிபொருள் ரொக்கட்டுகளில் அலுமினியத் தூள் பிற்காலத்தில் வழக்கமானதொரு கூறாக மாறியது.

மற்றொரு சுமை, பயணிகளின் உணவும் காற்றுமாகும். பல மாதப் பயணத்துக்கு வேண்டிய அனைத்தையும் ஏற்றிச் செல்வது இயலாத காரியம். விண்கலத்திலேயே பயிர் வளர்த்தால் உணவும் கிடைக்கும், காற்றும் தூய்மையாகும் என்பது அவரது கருத்து. மண் பாரமானது என்பதால், மண்ணுக்குப் பதிலாக மரக்கரியைப் பயன்படுத்தித் தமது இருப்பிடத்திலேயே மரக்கறிச் செடிகளை வளர்த்துப் பார்த்தார். இன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் கீரை வகைகள் வளர்க்கப்படுவதைச் செய்திகளில் வாசிக்கும்போது, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கரித்தூள் நிறைந்த சாடிகளின் அருகில் நின்ற இந்த மனிதரை நாம் நினைவுகூருவது பொருத்தமானதே.

1914 ஆம் ஆண்டு அவர் பொறியியலாளராகப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் முதலாவது உலக யுத்தம் மூண்டது. அவர் பணியாற்றிய புரோவொட்னிக் இறப்பர் தொழிற்சாலை, ஜேர்மன் படைகள் றீகாவை நெருங்கியதன் காரணமாக 1915 ஆம் ஆண்டு மொஸ்கோவுக்கு இடம்மாற்றப்பட்டது. தொழிற்சாலையுடன் சாண்டரும் பிறந்த ஊரை விட்டு வெளியேறினார். அதன்பின் அவரது வாழ்வும் பணியும் மொஸ்கோவிலேயே அமைந்தன. யுத்தம், புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்த ஆண்டுகளில், பகலில் தொழிற்சாலையிலும் இரவில் கோள்களின் பாதைக் கணக்குகளிலும் அவர் உழைத்தார். 1919 ஆம் ஆண்டு முதல் விமான இயந்திரங்களைத் தயாரிக்கும் மோட்டோர் என்னும் தொழிற்சாலையில் பணியாற்றினார்.

1922 ஆம் ஆண்டளவில் அவர் எடுத்த முடிவு அவரது இயல்பை நன்கு புலப்படுத்துகின்றது. விண்கல வரைபடத்தை முழுமைப்படுத்துவதற்காகச் சம்பளமற்ற விடுமுறை பெற்று ஓராண்டுக்கு மேலாக வீட்டிலேயே இருந்து உழைத்தார். கையிலிருந்த பணம் தீர்ந்தது. தாம் மிகவும் நேசித்த தொலைநோக்கியை விற்றார். அவரது நிலையை அறிந்த தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தமது வேதனத்தின் ஒரு பகுதியை அவருக்காக ஒதுக்கினர். பஞ்ச காலத்தில், செவ்வாய்க்குப் போகும் கலத்தை வரைந்து கொண்டிருந்த ஒரு பொறியியலாளருக்காகத் தொழிலாளர்கள் தமது உணவுக்கான பணத்தில் பங்கு கொடுத்தனர் என்பது விண்வெளி வரலாற்றின் அதிகம் பேசப்படாத பக்கங்களுள் ஒன்றாகும்.

இந்த ஆண்டுகளிலேயே அவரது சிந்தனை அடுத்த கட்டத்துக்குச் சென்றது. எரிபொருளைக் குறைப்பது எவ்வாறு என்பதிலிருந்து, எரிபொருளே இன்றிப் பயணிக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் வந்து சேர்ந்தார்.

இதற்கு வழிகாட்டியவை வால்வெள்ளிகளும் ஆய்வுகூடக் கண்ணாடிகளும் ஆகும். வால்வெள்ளியின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையிலேயே நீண்டிருப்பதை 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வானியலாளர் ஜொஹானஸ் கெப்ளர் கவனித்து, சூரிய ஒளியே அதனைத் தள்ளுவதாக ஊகித்திருந்தார். ஒளி தான் படும் பொருளின்மீது அமுக்கத்தைச் செலுத்தும் என்பதை 1873 ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிளார்க் மெக்ஸ்வெல் கணித வாயிலாகக் காட்டினார். அந்த மிக நுண்ணிய அமுக்கத்தை, காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் கலத்தினுள் மெல்லிய தகடுகளைத் தொங்கவிட்டு, மொஸ்கோவைச் சேர்ந்த பியோத்தர் லெபெதெவ் முதன்முதலாக அளந்து காட்டினார். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற பௌதிகவியலாளர் மாநாட்டில் அவரது முடிவுகள் முன்வைக்கப்பட்டன.

லெபெதெவ் அளந்ததைச் சாண்டர் பயன்படுத்த முனைந்தார். மிக மெல்லிய உலோகத் தகட்டாலான மாபெரும் கண்ணாடியை விண்வெளியில் விரித்தால், பாய்க்கப்பலைக் காற்றுத் தள்ளுவது போன்று சூரிய ஒளி அதனைத் தள்ளும். இங்கு கிடைக்கும் விசை அற்பமானது என்பதை மறைப்பதற்கில்லை. புவியின் தூரத்தில், ஒளியை முழுமையாகத் தெறிக்கச் செய்யும் 1 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பாயின் மீது கிடைப்பது ஏறத்தாழ 9 நியூட்டன் மாத்திரமே. ஒரு கிலோகிராம் சீனிப் பொதியைக் கையில் வைத்திருக்கும்போது நாம் உணரும் பாரத்திலும் அது சற்றுக் குறைவு.

ஆயினும் இரண்டு விடயங்கள் பாய்க்குச் சாதகமாக உள்ளன. முதலாவது, விண்வெளியில் தடுப்பதற்குக் காற்று இல்லை. இரண்டாவது, சூரியன் அணைவதில்லை. ரொக்கட் சில நிமிடங்களில் எரிந்து முடிந்துவிடுகின்றது. பாயோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தள்ளப்பட்டுக் கொண்டேயிருக்கும். ஒவ்வொரு செக்கனிலும் கலத்தின் வேகம் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் கூடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முடிவில் அது மணிக்கு ஏறத்தாழ 310 கிலோமீற்றர் வேகத்தை மேலதிகமாகப் பெற்றிருக்கும். நூறு நாட்களில் அது மணிக்கு 31,000 கிலோமீற்றராகும். பாயைச் சாய்த்துப் பிடிப்பதன் மூலம் சூரியனை விட்டு விலகவும், சூரியனை நோக்கி நெருங்கவும் இயலும்.

எரிபொருளற்ற பயணத்துக்கு அவர் கண்ட இரண்டாவது வழி, கோள்களின் ஈர்ப்பைப் பயன்படுத்துவதாகும். சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோளை விண்கலம் உரிய கோணத்தில் நெருங்கிக் கடந்தால், அந்தக் கோளின் இயக்கத்திலிருந்து சிறு பங்கைத் தனதாக்கிக்கொண்டு வேகம் பெறலாம்; வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் செய்யலாம். கோள் இழப்பது அளவிட முடியாத அளவு சொற்பமானது. கலத்துக்குக் கிடைப்பதோ பெரும் இலாபம். யூரி கொன்ட்ராத்யூக் என்ற மற்றொரு ஆய்வாளரும் இதனையொத்த எண்ணத்தைத் தனித்து எழுதி வைத்திருந்தார் என்பதை நேர்மையுடன் இங்கு குறிப்பிட வேண்டும்.

1924 ஆம் ஆண்டு, தொழில்நுட்பமும் வாழ்வும் எனப் பொருள்படும் பெயருடைய மொஸ்கோ சஞ்சிகையில் வேற்றுக் கோள்களுக்கான பயணம் பற்றிய சாண்டரின் கட்டுரை வெளிவந்தது. மெல்லிய தகட்டுக் கண்ணாடிகளைக் கொண்டு பறப்பது பற்றிய குறிப்பும் அதில் இடம்பெற்றிருந்தது. அவ்வாண்டு மொஸ்கோவில் கோளிடைப் பயணம் பற்றிய ஆய்வுச் சங்கமொன்றும் நிறுவப்பட்டது. ஒக்டோபர் மாதத்தில் நடைபெற்ற விவாதக் கூட்டத்தில் திரண்ட சனத்தைக் கட்டுப்படுத்தப் பொலிஸாரை அழைக்க வேண்டியிருந்தது. எனினும் அச்சங்கம் ஓராண்டு காலமேனும் நின்று நிலைக்கவில்லை. கூட்டம் கலைந்தது, ஆர்வம் தணிந்தது, சாண்டர் தமது கணக்குகளுடன் எஞ்சினார்.

1923 ஆம் ஆண்டு அவர் திருமணம் செய்திருந்தார். மகளுக்கு நட்சத்திரம் எனப் பொருள்படும் அஸ்த்ரா என்ற பெயரையும், மகனுக்குப் புதன் கோளின் பெயரான மெர்க்கூரி என்பதையும் சூட்டினார். 1929 ஆம் ஆண்டு அந்தக் குழந்தை மெர்க்கூரி செங்காய்ச்சல் நோயினால் உயிரிழந்தது. தந்தையின் துயரம் எத்தகையதென்று நாம் ஊகித்து எழுதப்போவதில்லை. அந்த ஆண்டிலேயே அவர் தமது முதலாவது ரொக்கட் இயந்திரத்தை அமைக்கும் பணியில் இறங்கினார் என்பது மட்டுமே பதிவாகியுள்ளது.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். எரிபொருளே வேண்டாம் என்று கணக்கிட்டவர் எதற்காகப் பெற்றோலில் இயங்கும் இயந்திரத்தைக் கட்டினார்? அவரது சிறப்பே இங்குதான் அமைந்திருக்கின்றது. ஒளிப்பாய் புவியின் மேற்பரப்பிலிருந்து எழும்ப மாட்டாது. புவியீர்ப்பையும் வளிமண்டலத்தையும் கடப்பதற்குத் தீ அவசியம். அதன் பின்னரே ஒளிக்கும் கோள்களின் ஈர்ப்புக்கும் வேலை உண்டு. ஆகவே தாம் விரும்பிய இரண்டாம் படியை ஒதுக்கி வைத்துவிட்டு, எவரேனும் செய்தாக வேண்டிய முதலாம் படியில் அவர் இறங்கினார்.

அவரது முதலாவது இயந்திரம் ஓ.ஆர்-1 எனப் பெயர் பெற்றது. உலோகங்களைப் பற்றவைக்கும் வேலைக்குப் பயன்படும் சாதாரண சுவாலை விளக்கு ஒன்றை மாற்றியமைத்தே அதனை அவர் உருவாக்கினார். பெற்றோலும் அமுக்கப்பட்ட காற்றும் அதில் எரிந்தன. 1930 ஆம் ஆண்டு முதல் அதனைக் கொண்டு பல சோதனைகள் நடத்தப்பட்டன. 1931 ஆம் ஆண்டு மொஸ்கோவில் கிர்ட் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட ரொக்கட் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டபோது சாண்டர் அதன் தலைவரானார். அவருடன் இணைந்து பணியாற்றிய இளைஞர் சேர்ஜி கொரொலேவ். பின்னாளில் ஸ்புட்னிக் செய்மதியையும் யூரி ககாரினையும் விண்ணுக்கு அனுப்பிய அதே கொரொலேவ்தான் அவர். 1932 ஆம் ஆண்டு குழுவின் நிர்வாகப் பொறுப்பு கொரொலேவிடம் சென்றது. சாண்டர் இயந்திரங்களை வடிவமைக்கும் பிரிவைத் தலைமையேற்று நடத்தினார்.

மொஸ்கோவின் சதோவாயா-ஸ்பாஸ்கயா வீதியிலுள்ள கட்டடமொன்றின் நிலவறையே அக்குழுவின் வேலைத்தளம். தொடக்கத்தில் பெரும்பாலானோருக்கு ஊதியம் இருக்கவில்லை. குழுவின் பெயர்ச்சுருக்கத்தை, சும்மா வேலை செய்யும் பொறியியலாளர் குழு என்று விரித்துக் கூறி அவர்களே தம்மைக் கேலி செய்துகொண்டனர். இயந்திரப் பாகங்களை ஒட்டுவதற்கு வெள்ளி தேவைப்பட்டபோது உறுப்பினர்கள் வீட்டிலிருந்து வெள்ளிக் கரண்டிகளைக் கொண்டுவந்து கொடுத்ததாகவும் கூறப்படுகின்றது. 1932 ஆம் ஆண்டு, ரொக்கட் மூலம் பறத்தல் பற்றிய சாண்டரின் நூல் வெளிவந்தது. அவர் உயிருடன் இருந்தபோது வெளியான நூல் அது ஒன்றே. செவ்வாயை நோக்கி முன்னேறுவோம் என்ற கருத்தை அவர் தினசரி வணக்கம் போன்று சொல்லி வந்தார் என்று அவருடன் பணியாற்றியோர் நினைவுகூர்ந்திருக்கின்றனர்.

பெற்றோலும் திரவ ஒட்சிசனும் கொண்டு இயங்கும் ஓ.ஆர்-2 இயந்திரம் அவரது அடுத்த பணி. ஓய்வின்றி உழைத்ததால் உடல்நலம் குன்றிய அவரை, 1933 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் கொக்கேசியப் பிரதேசத்திலுள்ள கிஸ்லவொட்ஸ்க் நகரின் ஓய்வகத்துக்கு நண்பர்கள் அனுப்பி வைத்தனர். அவர் இல்லாத வேளையில், மார்ச் 18 ஆம் திகதி ஓ.ஆர்-2 முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. ஓய்வெடுக்கச் சென்ற சாண்டரைத் தைபஸ் காய்ச்சல் பீடித்திருந்தது. 1933 மார்ச் 28 ஆம் திகதி அவர் அங்கேயே காலமானார். அவ்வாண்டு ஓகஸ்ட் 17 ஆம் திகதி கிர்ட் குழுவின் முதலாவது ரொக்கட் ஏறத்தாழ 400 மீற்றர் உயரம் சென்றது. சாண்டரின் வடிவமைப்பிலிருந்து வளர்ந்த மற்றொரு ரொக்கட் நவம்பர் 25 ஆம் திகதி ஏவப்பட்டு ஏறத்தாழ 80 மீற்றர் உயரம் மாத்திரமே எழும்பியது. அவை இரண்டையும் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சாண்டரின் கதை இத்துடன் முடிந்திருந்தால் அது மற்றொரு துயரக் கதையாக மட்டுமே இருந்திருக்கும். நாம் முக்கியமாகக் கூற விரும்பும் விடயம் இனிமேல்தான் வருகின்றது.

அவர் விட்டுச் சென்றவை ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கொண்ட குறிப்பேடுகள். அவற்றுட் பெரும்பாலானவை கபெல்ஸ்பேர்கர் முறை எனப்படும் பழைய ஜேர்மன் சுருக்கெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. எண்ணங்கள் விரைந்து ஓட, கை அதனுடன் ஈடுகொடுப்பதற்காக அவர் கையாண்ட வழி அது. ஆனால் அவருக்குப் பின் அவற்றை வாசிக்கக்கூடியவர்கள் அரிதாகிவிட்டனர். ஒளிப்பாய் பற்றிய விரிவான கணக்குகள் பல ஆண்டுகள் வெளிவராமலே கிடந்தன. 1961 ஆம் ஆண்டு மொஸ்கோவில் வெளியான தொகுப்பின் மூலமே அவரது கோளிடைப் பயண ஆய்வுகள் பரவலாகத் தெரியவந்தன. 1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா நிறுவனம் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது.

இதற்கிடையில் உலகம் அவர் கண்டவற்றை மீண்டும் முதலிலிருந்து கண்டுபிடித்துக் கொண்டிருந்தது. 1951 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியலாளர் கார்ல் வைலி ஒளிப்பாய் பற்றி எழுதினார். 1958 ஆம் ஆண்டு பௌதிகவியலாளர் ரிச்சர்ட் கார்வின் அதனை ஆய்வுக் கட்டுரையாக்கினார். 1961 ஆம் ஆண்டு கோள்களின் ஈர்ப்பைப் பயன்படுத்தும் முறையை மைக்கல் மினோவிச் என்ற அமெரிக்க மாணவர் கணித்துக் காட்டினார். இவர்கள் எவரும் சாண்டரைப் பார்த்து எழுதியவர்கள் அல்லர். ஒரு மனிதர் பசியோடு தேடிக் கண்ட முடிவுகள், பிறர் வாசிக்கவியலாத எழுத்தில் இருந்தமையால், மற்றவர்களுக்கு ஒரு கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்படாமற் போயின.

சாண்டரின் ஒளிப்பாய்க்கும் நமது நாட்டுக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. 1956 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 ஆம் ஆண்டு கொழும்பில் காலமான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், இங்கிருந்த காலத்தில் எழுதி 1964 ஆம் ஆண்டு வெளியிட்ட சிறுகதையொன்றில், சூரிய ஒளியால் தள்ளப்படும் பாய்க்கலங்களின் பந்தயத்தைச் சித்திரித்தார். ஒளிப்பாயைப் பொதுமக்களின் கற்பனைக்குக் கொண்டுசென்ற ஆக்கங்களுள் அது முக்கியமானது.

நடைமுறைக்கு வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 2005 ஆம் ஆண்டு ஜூன் 21 ஆம் திகதி ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலொன்றிலிருந்து ஏவப்பட்ட கொஸ்மொஸ்-1 என்ற ஒளிப்பாய்க் கலம், அதனைச் சுமந்த ரொக்கட் பழுதுற்றதால் சுற்றுப்பாதையை அடையவே இல்லை. 2010 ஆம் ஆண்டு மே 21 ஆம் திகதி ஜப்பான் அனுப்பிய இக்காரோஸ் என்ற கலம் பக்கமொன்று 14 மீற்றர் நீளமான பாயை விரித்து, சூரிய ஒளியால் தள்ளப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வெள்ளிக் கோளைக் கடந்து சென்றது. அதன் பாய் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு தடிப்பானது. 2019 ஆம் ஆண்டு பொதுமக்களின் நன்கொடையில் உருவான லைட்செயில்-2, 32 சதுர மீற்றர் பாயை விரித்து, ஒளியின் உதவியால் தனது சுற்றுப்பாதையை மாற்ற முடியும் என்பதைக் காட்டியது. 2022 நவம்பரில் அது வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது. 2024 ஆம் ஆண்டு நாசா ஏவிய மற்றொரு கலம் ஏறத்தாழ 80 சதுர மீற்றர் பாயை விண்ணில் விரித்தது.

எரிபொருளற்ற உந்துகை என்ற பெயரில் வேறொரு வகை முயற்சியும் அண்மைக் காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது. மூடிய உலோகக் கலமொன்றினுள் நுண்ணலைகளை மோதவிட்டால், எதனையும் வெளியேற்றாமலே அது முன்னோக்கி நகரும் என்பதே அந்தக் கூற்று. இது ஓடாத பஸ்ஸினுள் அமர்ந்தவாறு முன் ஆசனத்தைத் தள்ளி பஸ்ஸை நகர்த்த முனைவதற்கு ஒப்பானது. 2016 ஆம் ஆண்டு நாசாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் சிறு உந்துவிசையை அளந்ததாக அறிவித்தபோது எதிர்பார்ப்பு உச்சத்தை அடைந்தது. ஆனால் 2021 ஆம் ஆண்டு ஜேர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் மிகக் கவனமாக நடத்திய சோதனைகளில் அவ்வாறான விசை எதுவும் காணப்படவில்லை. முன்னர் அளக்கப்பட்டவை வெப்பம் போன்ற புறக்காரணங்களால் ஏற்பட்ட மயக்கமே எனத் தெரியவந்தது.

இரண்டையும் ஒப்பிடும்போது சாண்டரின் நேர்மை துலக்கமாகின்றது. அவர் இயற்கையின் விதியை ஏமாற்ற முனையவில்லை. ஒளி வெளியிலிருந்து வருகின்றது. அது கொடுக்கும் உந்தத்தையே பாய் பெறுகின்றது. கோள் இழப்பதையே கலம் பெறுகின்றது. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, கொடுப்பவர் யார் என்று தேடியதே அவரது வழி. விசை மிகச் சிறியது என்பதை மறைக்காமல், அந்தச் சிறுமையோடு காலத்தைப் பெருக்கிப் பார்த்தார். கனவு காண்பவருக்கும் கணக்கிடுபவருக்கும் இடையிலான வேறுபாடு இதுவேயாகும். சாண்டர் இருவராகவும் இருந்தார்.

1973 நவம்பரில் அமெரிக்கா ஏவிய மரினர்-10 என்ற விண்கலத்தின் பயணத்தை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது. அது 1974 பெப்ரவரி 5 ஆம் திகதி வெள்ளிக் கோளின் ஈர்ப்பைப் பயன்படுத்தித் தன் பாதையை மாற்றிக்கொண்டது. ஒரு கோளின் ஈர்ப்பைப் பயன்படுத்தி மற்றொரு கோளை அடைந்த முதலாவது கலம் அதுவே. பயணத்தின்போது அதன் நிலையைச் சீர்செய்யும் வாயு குறைந்து வந்தது. ஆகவே பொறியியலாளர்கள் அதன் சூரியத் தகடுகளைச் சாய்த்து, அவற்றின்மீது விழும் ஒளியின் அமுக்கத்தைக் கொண்டே கலத்தை நிலைநிறுத்தினர். சாண்டர் எழுதி வைத்த இரு வழிகளும் ஒரே கலத்தில் ஒன்றுசேர்ந்தன. 1974 மார்ச் 29 ஆம் திகதி அது தனது இலக்கை அடைந்தது. அந்த இலக்கு, அவர் தமது மகனுக்குப் பெயராகச் சூட்டிய புதன் கோள்.

இவ்வெற்றிகளைக் காண்பதற்குச் சாண்டருக்கு ஆயுள் போதவில்லை என்பது எவராலும் மாற்றியிருக்க முடியாத விடயம். அவரது குறிப்பேடுகள் முடங்கிக் கிடந்தது அத்தகையதன்று. ஒருவர் கண்டறிந்தது மற்றவர் வாசிக்கும் எழுத்தில், மற்றவர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லையெனில், அடுத்த தலைமுறை அதே பாதையை மீண்டும் அதே செலவில் நடக்க வேண்டியேற்படுகின்றது. நமது ஆய்வாளர்களும், ஆசிரியர்களும், தொழில்நுட்பவியலாளர்களும் தாம் அறிந்தவற்றை எழுதுகின்றார்களா, எழுதியவை பிறர் வாசிக்கும்வண்ணம் பேணப்படுகின்றனவா என்ற கேள்வியைச் சாண்டரின் வாழ்க்கை நம்மிடமும் எழுப்புகின்றது. தொலைநோக்கியை விற்ற பொறியியலாளரும், வேதனத்தில் பங்கு கொடுத்த தொழிலாளர்களும் தமது கடமையைச் செய்து முடித்தனர். எழுதியதைக் காப்பதும், வாசித்துப் பிறருக்குச் சொல்வதும் பின்வந்தவர்களின் கடமையாகும்.